கடனைத் தள்ளுவது நீதியாகுமா?

நாட்டில் பெரும் பொருளாதார முடக்கம் ஏற்படும்போது அரசாங்கங்கள் மூன்று வகையில் மக்களுக்கு உதவ முற்படுகின்றன. பசித்தவருக்கு உணவளிக்கின்றன. வேலையற்றவருக்கு வேலை தருகின்றன. கடன்பட்டவரின் கழுத்திலுள்ள சுருக்கைத் தளர்த்துகின்றன. முதல் இரண்டையும் குறை கூறுவோர் மிகச் சிலரே. மூன்றாவதைக் கண்டுதான் நல்லவர்களும் முகம் சுளிக்கிறார்கள். "வாங்கியவன் கொடுக்க வேண்டாமா? கொடுத்தவன் என்ன பாவம் செய்தான்? சர்க்கார் நடுவில் புகுந்து ஒருவர் பணத்தை மற்றொருவருக்குத் தள்ளிக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்வியை ஒரு முஸ்லிம் அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஏனெனில் நமது மார்க்கம் வாக்குறுதியைச் சாதாரணமாக எண்ணும் மார்க்கமன்று. ஒப்பந்தங்களை முழுமையாக நிறைவேற்றும்படி ஏவித்தான் சூரத்துல் மாயிதா தொடங்குகிறது. திருமறையின் மிக நீளமான ஆயத்து தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி, சாட்சி வைத்து, ஒழுங்காக நடந்துகொள்வதைப் பற்றியது. சில தீனார் கடனோடு இறந்துபோன ஒருவரின் ஜனாஸாவுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழுகை நடத்தாமல் ஒதுங்கி நின்றார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்ட பிறகே முன்வந்தார்கள். கடனின் கனம் நம்மிடத்தில் அத்தகையது.

அதே மார்க்கம்தான், கடன்பட்டவர் கஷ்டத்திலிருந்தால் அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படியும், அடியோடு விட்டுக்கொடுப்பது அதைவிடச் சிறந்தது என்றும் சூரத்துல் பகராவில் கற்பிக்கிறது. ஆகவே நம் முன்னுள்ள கேள்வி இது: பஞ்சத்திலும் பொருளாதார வீழ்ச்சியிலும் கடனைக் குறைப்பது வாக்குறுதியை முறிப்பதாகுமா, அல்லது நீதியை நிலைநாட்டுவதாகுமா? இதை வெறும் தத்துவமாகப் பேசாமல், நமது மாகாணத்திலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துச் சிந்திப்போம்.

வீழ்ந்த விலையும் வளர்ந்த கடனும்

1929 அக்டோபரில் அமெரிக்காவின் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து உலகெங்கும் விலைகள் விழுந்தன. செங்கற்பட்டு ஜில்லாவில் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைத்த குடியானவருக்கு நியூயார்க் எந்தத் திசையிலிருக்கிறது என்பதே தெரியாது. அவர் பங்கு வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. ஆயினும் அந்த அடி அவர் களத்துமேட்டில் வந்து விழுந்தது. சென்னை மாகாணத்தில் நெல் விலை சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துபோயிற்று.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு குடியானவர் 1928-ல் 100 ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அன்று 20 மூட்டை நெல் விற்றால் 100 ரூபாய் கிடைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். விலை பாதியானதும் அதே 100 ரூபாய்க்கு அவர் 40 மூட்டை விற்றாக வேண்டும். பத்திரத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கடன் மட்டும் இரு மடங்காகிவிட்டது. இது அசலின் கதை. அதன்மேல் வட்டி, வட்டிக்கு வட்டி, தவணை தவறியதும் இரண்டையும் அசலோடு சேர்த்துப் புதிதாக எழுதிய பிராமிசரி நோட்டு. நிலவரிக் கிஸ்தியோ ரூபாயில்தான் கட்ட வேண்டும். அதற்காக மறுபடியும் கடன்!

சென்னை மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி 1930-ல் கிராமப்புறக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-ல் சர்க்கார் நியமித்த தனி அதிகாரி சத்தியநாதன் அதை 200 கோடி என்று கணக்கிட்டார். விளைபொருளின் விலை இறங்கிய அதே ஆண்டுகளில் கடன் ஏறியிருப்பதைக் கவனியுங்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய மதிப்பைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறிற்று. இந்தியாவெங்கும் பெண்களின் நகைகள் விற்கப்பட்டு, உருக்கப்பட்டு, கப்பலேறின. சிலர் லாபத்துக்காக விற்றார்கள் என்பது உண்மை. வேறு வழியில்லாமல் தாலிப் பொன்னையும் கருகமணியில் கோத்திருந்த பொன்மணியையும் கழற்றிக் கொடுத்தவர்கள் பலர் என்பதும் உண்மை.

சர்க்கார் செய்தது என்ன?

கடன் கொடுப்போர் ஒழுங்காகக் கணக்கு வைக்க வேண்டும் என்று 1935-ல் ஒரு சட்டமும், கடன் சமரச போர்டுகளை ஏற்படுத்தும் சட்டம் ஒன்று 1936-லும் நமது மாகாணத்தில் வந்தன. சமரசத்துக்கு இணங்க விரும்பாதவரிடம் அவை அதிகம் சாதிக்க முடியவில்லை. 1937 ஜூலையில் ராஜாஜி அவர்களின் தலைமையில் மந்திரிசபை அமைந்தது. ஜனாப் யாகூப் ஹஸன் சேட் அவர்கள் அதில் மராமத்து மந்திரியாக இருந்தார்கள். அந்த மந்திரிசபை 1938 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததுதான் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம்.

அச்சட்டத்தின் சாரம் இது: 1932 அக்டோபர் 1-க்கு முன் விவசாயி வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையாயிருந்த வட்டி முழுவதும் தள்ளுபடி. அசல் மட்டும் கொடுத்தால் போதும். ஏற்கெனவே வட்டியும் அசலுமாகச் சேர்ந்து அசலைப்போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். அத்தேதிக்குப் பிந்திய கடன்களுக்குச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஆண்டுக்கு நூற்றுக்கு 5 என்ற தனிவட்டி. இனி வாங்கும் கடன்களுக்கு நூற்றுக்கு ஆறேகாலுக்கு மேல் கூடாது. பழைய கடனைப் பலமுறை புதுப்பித்து எழுதியிருந்தாலும் முதன்முதலில் கைக்கு வந்த தொகையே அசல்.

சூரத்துல் பகராவை ஓதியவர்களுக்கு இங்கே ஒரு வியப்புத் தோன்றாமலிராது. மீதமுள்ள வட்டியை விட்டுவிடுங்கள், உங்கள் அசல் உங்களுக்கு உண்டு, நீங்களும் அநீதி செய்யக்கூடாது, உங்களுக்கும் அநீதி செய்யப்படக்கூடாது என்பது அங்கே அல்லாஹுத்தஆலா அருளிய சட்டத்தின் கருத்து. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், அந்த ஆயத்தை ஆதாரமாகக் கொள்ளாத ஒரு சட்டசபை, நெருக்கடி முற்றியபோது ஏறத்தாழ அதே வாசலில் வந்து நின்றது. ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நூற்றுக்கு 5 என்றும் ஆறேகால் என்றும் அச்சட்டம் வட்டியை வாழவிட்டது. நமது மார்க்கத்தின் அளவுகோலில் அது பாதி வழியே.

மறுப்போர் சொன்னவை

அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. சட்டம் செல்லாது என்று ஃபெடரல் கோர்ட்டு வரை வழக்காடினார்கள். ஆயினும் சட்டம் நிலைத்தது. மறுத்தவர்களின் வாதங்களை நாம் நேர்மையாக எடுத்துவைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். அவை மூன்று.

ஒன்று, இருவரும் மனம் ஒப்பி எழுதிய பத்திரத்தைச் சர்க்கார் மாற்றினால் உலகில் எந்த வாக்குக்கும் மதிப்பிராது. இரண்டு, கடன் கொடுத்தவரெல்லாம் பெரும் பணக்காரரல்லர். விதவையின் சேமிப்பும் அனாதையின் பங்கும்கூடக் கடனாகப் போயிருக்கும். மூன்று, இன்று தள்ளினால் நாளை எவரும் கடன் கொடுக்க மாட்டார், வாங்கியவரும் திருப்பித் தர மாட்டார்.

இதே விவாதம் அமெரிக்காவிலும் நடந்தது. 1933 மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்றபோது அங்கே தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அவருடைய அரசாங்கம் வீட்டுக் கடனில் மூழ்கியிருந்த பத்து லட்சம் குடும்பங்களின் கடனைத் தான் ஏற்று நீண்ட தவணைக்கு மாற்றிக் கொடுத்தது. மின்னசோட்டா மாநிலம் 1933-ல் அடமானச் சொத்தை மீட்கும் காலத்தை நீட்டிக்கச் சட்டம் இயற்றியது. ஒப்பந்தங்களின் கட்டுப்பாட்டை எந்த மாநிலமும் குறைக்கக்கூடாது என்பது அந்நாட்டு அரசியல் சாசனத்திலேயே உள்ள விதி. வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1934 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் சட்டம் செல்லும் என்றார்கள், நால்வர் செல்லாது என்றார்கள். அவகாசம் பெற்றவர் அந்தக் காலத்துக்குச் சொத்தின் நியாயமான வாடகையைச் செலுத்தியாக வேண்டும் என்பதையும் அச்சட்டம் விதித்திருந்தது. கற்றறிந்த ஒன்பது பேர் ஐந்தும் நான்குமாகப் பிரிந்தார்கள் என்றால், இது எளிதான கேள்வியன்று என்பது விளங்கும்.

மார்க்கம் காட்டும் வழி

முதல் வாதத்தை எடுத்துக்கொள்வோம். வாக்கை நிறைவேற்ற வேண்டும், ஐயமில்லை. ஆனால் எந்த வாக்கை? ஒருவன் தான் நினைத்த அளவைத் தருவதாகத்தான் வாக்களிக்கிறான். 20 மூட்டை நெல்லை மனத்தில் கொண்டு கையெழுத்திட்டவனிடம் 40 மூட்டையைக் கேட்பது, எழுத்தின்படி சரியாக இருக்கலாம். இருவரும் ஒப்பிய கருத்தின்படி சரியாகுமா? இங்கே கடன் வாங்கியவன் ஏமாற்றவில்லை. கொடுத்தவனும் ஏமாற்றவில்லை. இருவருக்கும் அப்பாற்பட்ட ஒரு முஸீபத்து வந்திருக்கிறது. அந்த முஸீபத்தின் சுமை முழுவதையும் ஒருவன் தோளில் மட்டும் ஏற்றுவதற்கு நியாயமில்லை என்பதே நாம் சொல்லவருவது.

இதற்கு ஹதீஸ்களில் ஆதாரம் உண்டு. மரத்திலுள்ள பழத்தை உன் சகோதரனுக்கு விற்றபின் இயற்கையின் அழிவு அதைத் தாக்கிவிட்டால், அவனிடம் விலையாக எதையும் பெறுவது உனக்கு ஆகுமானதன்று என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு நூல்கள் இதை 'ஜவாஇஹ்' என்ற தலைப்பில் ஆராய்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் விலையைக் குறைத்தே தீரவேண்டும் என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களும் குறைப்பது கட்டாயம் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், தம் பிற்காலச் சொல்லில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் அது கட்டாயமன்று, விரும்பத்தக்கது என்றார்கள். கட்டாயமா, விருப்பமா என்பதில்தான் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடு. குறைப்பது நன்மை என்பதில் அவர்கள் வேறுபடவில்லை. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளைப் பின்பற்றும் நமது பகுதி மக்கள், "சட்டம் என்னைக் கட்டாயப்படுத்தவில்லையே" என்று கூறி அந்த நன்மையையும் கைவிட்டுவிடலாமா?

மற்றொரு நிகழ்ச்சி. பழம் வாங்கி நஷ்டப்பட்டுப் பெருங்கடனில் வீழ்ந்த ஒருவருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் தர்மம் கேட்டார்கள். வந்து சேர்ந்தது கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்குமேல் உங்களுக்கு இல்லை என்ற கருத்தில் முடித்துவிட்டார்கள். இதில் மூன்று படிகள் இருக்கின்றன. முதலில் சமுதாயம் கைகொடுத்தது. அடுத்துக் கடனாளி தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். கடைசியாகக் கடன் கொடுத்தவர்கள் எஞ்சியதற்காக அவரை நெருக்காமல் நின்றார்கள். சுமை மூன்று பங்காயிற்று.

இன்னுமொன்று. மஸ்ஜிதிலேயே கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை ஒருவரிடம் கேட்டுக் குரலை உயர்த்தினார்கள். வீட்டின் திரையை விலக்கிப் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள் பாதியைக் குறைக்கும்படி கையால் சைகை காட்டினார்கள். கஅப் (ரலி) உடனே ஒப்பினார்கள். மறுகணமே மற்றவரைப் பார்த்து, எழுந்து பாக்கியைக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள். பாதியைக் குறைத்தது இரக்கம். மறுபாதியை அப்போதே வாங்கிக் கொடுத்தது நீதி. இரண்டையும் ஒரே மூச்சில் செய்து காட்டினார்கள். கடன் நிவாரணம் பற்றிய எந்தச் சட்டத்தையும் எடைபோட இதைவிடச் சிறந்த தராசு உண்டா?

இரண்டாவது வாதமான விதவையின் சேமிப்பு உண்மையிலேயே கவனிக்கத்தக்கது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மறக்கவில்லை. வேறு சொத்தில்லாத பெண்ணொருத்தி குறிப்பிட்ட அளவுக்குட்பட்ட தொகையைக் கடனாகக் கொடுத்திருந்தால் அக்கடனை அது தொடவில்லை. ஆனால் சர்க்காருக்கு வரவேண்டிய பாக்கியையும் அது தொடவில்லை! தனியாரின் வட்டியைத் தள்ளியவர்கள் தங்கள் வரவில் அச்சட்டத்தின் மூலம் கைவைத்துக்கொள்ளவில்லை. இங்கேதான் நமது முன்னோரின் நடைமுறை உயர்ந்து நிற்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி ஹஜ்ஜின்போது அறியாமைக் கால வட்டியை ஒழித்தபோது, முதலாவதாக ஒழித்தது தம் பெரிய குடும்பத்தாரான அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியைத்தான். ஹிஜ்ரி 18-ல், சாம்பல் ஆண்டு என்று பெயர்பெற்ற கடும் பஞ்சத்தில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்து உணவு வரவழைத்தார்கள்; தாம் நெய்யைத் தொடாதிருந்தார்கள்; அவ்வாண்டு ஜகாத் வசூலையும் ஒத்திவைத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. பிறரைப் பார்த்து "விட்டுக்கொடு" என்பவர் முதலில் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

கடன் கொடுப்போர் கை மூடிக்கொள்ளுமா?

மூன்றாவது வாதத்துக்கு வருவோம். தள்ளுபடி செய்தால் கடன் கிடைக்காது என்பதில் ஓரளவு உண்மையிருக்கிறது. ஆனால் பத்திரத்தின்படி கடைசிக் காசுவரை வசூலித்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்களா என்பதையும் பார்க்க வேண்டும். பர்மாவைப் பாருங்கள். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களுக்கு நமது நாட்டுக்கோட்டை நகரத்தார் கடன் கொடுத்து வந்தார்கள். 1930-ல் முக்கியமான நெல் மாவட்டங்களில் நிலத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் அவர்கள் கையில் இருந்தது. நெல் விலை வீழ்ந்து கடன்கள் நின்றுபோகவே, அடமானம் முறிந்து, 1937-ல் நூற்றுக்கு 25 பங்கு அவர்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்துக்கு ஆசைப்பட்டு அவர்கள் கடன் கொடுக்கவில்லை. பணம் வராததால் நிலம் வந்தது. அதோடு பர்மியரின் பகையும் வந்தது. 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது உயிரோடு ஓடி வந்தவர் பலர். 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசியமாக்கிற்று. பத்திரங்கள் கையிலிருந்தன, நிலமுமில்லை, பணமுமில்லை. கஷ்டப்பட்டவனுக்கு அவகாசம் கொடுப்பது கொடுத்தவனுக்கும் காப்பு என்பதற்கு இது போதாதா?

ஆயினும் கை மூடிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு முழுமையான மருந்து தள்ளுபடியில் இல்லை. நிவாரணம் வேறு, சீர்திருத்தம் வேறு. நிவாரணம் இந்த முறை விழுந்தவனைத் தூக்கிவிடும். சீர்திருத்தம் அவன் விழுந்த குழியை மூடும். சூரத்துல் பகராவில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன: வட்டியைத் தடுப்பது சீர்திருத்தம், அவகாசம் கொடுப்பது நிவாரணம், பிறகு கடனை எழுதிவைக்கும் ஒழுங்கு. நமது பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில்தான் 1904-ல் நாட்டின் முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. லேவாதேவிக்காரரின் பிடியிலிருந்து விடுபட ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. வட்டியின் சாயலை அது விடவில்லை என்பது நமது குறை. அப்படியானால் வட்டியில்லாத ஓர் ஏற்பாட்டை நாம் அல்லவா செய்துகாட்டியிருக்க வேண்டும்?

நம் காலத்துச் சோதனை

1938 பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். 2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் உற்பத்தி, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கிற்று. ரேஷன் அரிசியும் ரொக்க உதவியும் வந்தன. கடன் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறு மாத அவகாசம் அனுமதித்தது. பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். பிறகு கணக்கைப் பார்த்தபோதுதான் அந்த ஆறு மாதமும் வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது தெரியவந்தது. அறியாமைக் காலத்து அரபிகள் தவணை வந்ததும் கடனாளியிடம், கொடுக்கிறாயா அல்லது கூட்டித் தருகிறாயா என்று கேட்பார்களாம். அவகாசத்தையே விலைக்கு விற்கும் அந்த வழக்கத்தைத்தான் திருமறை ஒழித்தது. 2 கோடி ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு வட்டிமேல் வட்டியை ஈடுசெய்ய அரசாங்கம் அக்டோபரில் முன்வந்தது. 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாத காலத்துக்கு எந்தக் கடனாளியிடமும் வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வட்டி மட்டும் நின்றது. அவகாசத்துக்கே விலை கூடாது என்ற இடத்துக்கு உலகம் இன்னும் வந்து சேரவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். வசதியுள்ளவன் கடனைத் தாமதிப்பது அநீதி என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தெளிவான போதனை. 2021-ல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக் கடனைத் தள்ளுபடி செய்யத் தமிழக அரசு முடிவுசெய்தது. ஆய்வு நடத்தியபோது, போலி நகையை அடகு வைத்தவர்களும், ஒருவரே பல கடன் வாங்கியிருந்ததும் வெளிப்பட்டன. ஏழைக்கென்று விரித்த பாயில் இடம்பிடித்து உட்கார்ந்த செல்வர்கள் அவர்கள்! கையில் பணமிருந்தும், "எப்படியும் தள்ளுவார்கள்" என்று தவணையை நிறுத்திவைப்பவன், உண்மையான ஏழையின் அவகாசத்தைத் திருடுகிறான். கஷ்டத்திலிருப்பவருக்கு என்று திருமறை நிபந்தனை வைத்திருப்பதை மறக்கலாகாது. கடன்பட்ட எல்லோருக்கும் என்று அது கூறவில்லை.

நமது பங்கு

சர்க்கார் சட்டம் சென்றடையாத இடங்கள் எப்போதும் உண்டு. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தில் பாத்தியதையுள்ளவரைத்தான் விவசாயி என்று கொண்டது. நெம்மேலியைப் போன்ற ஊரில் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் நெல் விளைத்தவருக்கு அது பயன்பட்டிருக்கும். கிழக்கே கடலை மட்டுமே நம்பி வலை வீசியவருக்கு அதில் இடமேது? நமது கரையெங்கும் மீன் வியாபாரிகள் மீனவருக்கு முன்பணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வட்டி என்று பெயரில்லை. பிடித்த மீனைக் கொடுத்தவரிடமே, அவர் சொல்லும் குறைந்த விலைக்குப் போடவேண்டும் என்பதுதான் பேச்சு. கடனைக் காட்டிப் பெறும் ஆதாயம் வட்டியே என்பது ஃபுகஹாக்களின் விதி. பெயர் மாறியதால் பொருள் ஹலாலாகிவிடாது. வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்கள் இதைத் தங்கள் கணக்குப் புத்தகத்தில் தேடிப்பார்க்க வேண்டும்.

அவ்வாறே வாரக் குழுக் கடனில் சிக்கிய பெண்கள் இன்று நமது மஹல்லாக்களில் எத்தனை பேர்! வசூலுக்கு வருபவர் வாசலில் நின்று குரல் உயர்த்தும்போது மானம் போகிறதே என்று ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்குகிறார்கள். வலுக்கட்டாயமாகக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழகச் சட்டசபை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. வாசலில் கூச்சல் நிற்க அது உதவலாம். அந்தப் பெண்ணின் கடனைத் தீர்ப்பது யார்?

சூரத்துத் தவ்பாவில் ஜகாத்துக்கு உரியவர்களாக எட்டு வகையினர் கூறப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு வகையினர் 'காரிமீன்', அதாவது கடன்பட்டோர். ரமலானில் சில்லறை மாற்றி வாசலில் வரிசையாகப் பங்கிடுகிறோம். கடன்பட்டவர் அந்த வரிசைக்கு வருவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நம் பக்கத்திலேயே தொழுதுவிட்டுப் போகிறார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது ஜமாஅத்தின் பொறுப்பு. நூறு பேருக்கு நூறு நூறாகக் கொடுப்பதோடு, ஆண்டுக்கு நான்கு குடும்பங்களையாவது வட்டியின் பிடியிலிருந்து முழுமையாக மீட்டு, இனி வட்டியில் விழாதிருக்க பைத்துல் மாலிலிருந்து அழகிய கடன் கொடுத்து, அதை எழுதி, சாட்சி வைத்து, ஒழுங்காகத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் செய்தால், நிவாரணமும் சீர்திருத்தமும் ஒருங்கே நடக்கும். அத்துடன் வீட்டு வாடகை பாக்கி, மளிகைக் கடைப் பற்று, உறவினருக்குக் கொடுத்த கைமாற்று ஆகியவற்றில் உண்மையிலேயே இயலாதவர் யார் என்று ஒவ்வொரு வீட்டாரும் உட்கார்ந்து பார்க்கட்டும். இயலாதவருக்கு அவகாசம். முற்றிலும் முடியாதவருக்கு விட்டுக்கொடுத்தல். இயன்றும் தராதவரிடம் கேட்டு வாங்குதல். மூன்றும் மார்க்கம்தான்.

ஆகவே, முடக்க காலத்தில் கடனைக் குறைப்பது வாக்குறுதியை அழிப்பதாகாது. எவர் குற்றமுமின்றி வந்த துன்பத்தைக் கொடுத்தவரும் வாங்கியவரும் சமுதாயமும் சேர்ந்து சுமப்பதாகும். அசல் அமானத்து, அது காக்கப்பட வேண்டும். வட்டி அநீதி, அது போக வேண்டும். அவகாசம் ஏழையின் உரிமை. செல்வன் அதைத் தொடலாகாது. இவ்வளவையும் சட்டம் போட்டுச் செய்விக்க அரசாங்கங்களுக்கு 1938 போன்ற ஒரு நெருக்கடி தேவைப்பட்டது. நமக்கு ஓர் ஆயத்தே போதுமல்லவா?

மக்களிடம் வியாபாரம் செய்து வந்த ஒருவர், கஷ்டப்பட்டவரிடம் கண்டிப்பு வேண்டாம், விட்டுப் பிடியுங்கள் என்று தம் பணியாட்களுக்குச் சொல்லிவைத்திருந்தார் என்றும், அதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தான் என்றும் ஹதீஸில் வருகிறது. அவரிடம் வேறு பெரிய அமல் எதுவும் இருக்கவில்லை. நாமும் ஒருநாள் கணக்குக் கொடுக்க நிற்கப்போகிறவர்கள். அந்த நாளில் அசலைக்கூடத் திருப்பித்தர நம் கையில் ஏதும் இராது. அன்று நமக்குத் தேவைப்படும் இரக்கத்தை இன்று பிறருக்குக் காட்டும் நல்ல மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.